'பரதேசி'ன்னா இங்கே கெத்து! - கொச்சி யூதத் தெருவில் ஒரு காலை நடை

நம்ம ஊர்ல யாரையாவது 'பரதேசி'னு கூப்பிட்டுப் பாருங்க, சண்டை வந்துடும். ஆனால், கொச்சி மட்டாஞ்சேரியில் அதே வார்த்தையைப் பேராக வைத்துக்கொண்டு ஓர் ஆலயம் 450 வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. பரதேசி சினகாக். சினகாக் என்றால் யூதர்களின் வழிபாட்டு இடம். மலையாளத்தில் 'ஜூதப்பள்ளி' என்கிறார்கள். பரதேசம் என்றால் வெளிதேசம். அங்கிருந்து வந்தவர்கள் கட்டியது, அதனால் பரதேசி. இந்தத் தெருவில் அது திட்டு இல்லை, அந்தஸ்து. அந்த அந்தஸ்துக்குள் இன்னொரு கதை இருக்கிறது. அதைக் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன்.

கொச்சிக்குப் போகிற பலரும் சீன வலை, கஃபே, சுவர் ஓவியம் என்று ஃபோர்ட் கொச்சியோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம் போனால் மட்டாஞ்சேரி. யூதத் தெருவை வழிகாட்டியோடு சுற்றிக்காட்டும் நடைகள் காலையில் கிளம்பும். நான் சேர்ந்த குழுவில் ஒன்பது பேர். வழிகாட்டி ஐம்பது வயது தாண்டிய ஒரு சேட்டன். மலையாளம், ஆங்கிலம், கொஞ்சம் தமிழ் எல்லாம் கலந்து பேசினார்.

"முதல்ல மூக்கால பாருங்க" என்றார். சரிதான். தெருவுக்குள் நுழையும்போதே மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனை ஆளைத் தூக்குகிறது. இது வாசனைத் திரவிய வியாபாரத் தெரு. மிளகு வர்த்தகச் சங்கத்தின் கட்டடமும் இங்கேதான் இருக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறும்முன், அதன் கூடத்தில் ஆட்கள் கத்திக் கத்தித்தான் மிளகுக்கு விலை வைப்பார்களாம். வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. கீழே கடை, மேலே குடியிருப்பு. சில ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம். சில வாசல் நிலைகளில் சாய்வாக ஒரு சின்னத் தடம் தெரிந்தது. தோரா வசனம் எழுதிய சுருளை வைக்கும் மெசூசா இருந்த இடமாம். வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள், தடம் மட்டும் இருக்கிறது. உள்ளே இப்போது பித்தளை விளக்கும் பழைய மரப்பெட்டியும் விற்கிறார்கள்.

தரையைப் பார்த்து நடக்கணும்

தெருவின் வடக்கு முனையில் சினகாக். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலுக்குப் போகிற நமக்கு அது பழகியதுதான். குழுவில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள்தான் திகைத்தார்கள். வேறு நாட்டு சினகாக்குகளில் பொதுவாக இந்தப் பழக்கம் இல்லை.

1568-ல் கட்டியது. கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். பக்கத்திலேயே அரண்மனைக் கோயில். ராஜாவின் கோயிலும் யூதர்களின் ஆலயமும் சுவரோடு சுவராக இருப்பதைச் சொல்லிவிட்டு, "இந்தியாவுல யூதரை யாரும் தொந்தரவு பண்ணலை" என்றார் சேட்டன். கொச்சி ராஜாக்களைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் போர்ச்சுகீசியர்கள் சும்மா இருக்கவில்லை. 1662-ல் இந்த ஆலயத்தைத் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகுதான் ஆலயம் சீரமைக்கப்பட்டது.

உள்ளே எல்லோரும் மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளைப் பார்த்து வாய் பிளப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். சீனாவிலிருந்து 18-ம் நூற்றாண்டில் கப்பலில் வந்த நீல, வெள்ளை ஓடுகள் தரை முழுக்க. எல்லாமே கையால் வரைந்தது. ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது என்பார்கள். நானும் ஒரு வரிசையில் குனிந்து தேடிப் பார்த்தேன். ஒரு ஜோடிகூடச் சிக்கவில்லை.

நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. மாடத்திலும் இன்னொரு மேடை இருக்கிறது. இப்படி இரண்டு மேடை இருப்பது கேரள சினகாக்குகளின் தனி அடையாளம். வெளியே 1760 வாக்கில் எழுப்பிய மணிக்கூண்டு. அதன் முகங்களில் எபிரேயம், ரோமன், மலையாளம் என வெவ்வேறு எண்கள். கட்டியவர் எசேக்கியேல் ரஹாபி, டச்சுக் கம்பெனிக்கு மிளகு வாங்கிக் கொடுத்த பெரிய வியாபாரி.

செப்பேட்டில் நம்ம வார்த்தைகள்

நுழைவறையில் வரிசையாக ஓவியங்கள். அதில் ஒன்றில், ராஜா ஒருவர் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவரிடம் செப்பேடு கொடுக்கிறார். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. மொழி அந்தக் காலத் தமிழுக்கு ரொம்பப் பக்கம். பகல் விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று ரப்பானுக்குக் கிடைத்த மரியாதைகளின் பட்டியலைக் கேட்டால், அகராதி இல்லாமலே நமக்குப் புரியும். பாவாடை என்றால் உடுத்துகிற பாவாடை இல்லை, நடந்து வரும்போது தரையில் விரிக்கிற துணி. செப்பேடு எழுதப்பட்ட இடம் முயிரிக்கோடு. கொடுங்கல்லூர் பக்கம், சங்கப் பாட்டில் வருகிற நம்ம முசிறி.

இங்கேதான் எனக்கு ஒரு கணக்கு இடித்தது. செப்பேடு 1000-ல். ஸ்பெயின் 1492-ல் யூதர்களை விரட்டிய பிறகுதான் 'பரதேசி'கள் இங்கே வரத் தொடங்குகிறார்கள். அப்படியானால் நடுவில் 500 வருஷம் இங்கே இருந்த யூதர்கள் யார்? அவர்களுடைய ஆலயம் எங்கே?

சேட்டனிடம் கேட்டேன். "அவங்க மலபாரி யூதர்" என்றார். அதோடு எம்ப்ராய்டரி கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். நடையின் பட்டியலில் அது இல்லை போல.

யார் முன்னே, யார் பின்னே

மலபாரி யூதர்கள்தான் இங்கே மூத்த குடி. கொடுங்கல்லூர் பக்கம் இருந்தவர்கள். 1341 பெரியாற்று வெள்ளத்தில் அந்தத் துறைமுகம் மண்மூடிப் போக, வியாபாரம் மெல்ல மெல்ல கொச்சிக்கு நகர்ந்தது. கொச்சங்காடியில் இருந்த பழைய சினகாக்கின் கல் ஒன்று, 1340-களின் எபிரேய எழுத்தோடு, பரதேசி சினகாக் வளாகச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. பலர் அதைத் தாண்டித்தான் செருப்பைத் தேடி ஓடுகிறார்கள். நின்று பாருங்கள்.

பின்னால் வந்த பரதேசிகள் தங்களை 'வெள்ளை யூதர்' என்றார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் 'கறுப்பு யூதர்' ஆனார்கள். கல்யாண சம்பந்தம் கிடையாது. செப்பேடு யாருக்குச் சொந்தம் என்பதிலும் இரண்டு தரப்புக்கும் நீண்ட வழக்கு. செப்பேடு இருப்பது என்னவோ பரதேசிகள் கையில்.

இதற்கும் கீழே இன்னொரு படி. பரதேசிக் குடும்பங்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சம். எபிரேயத்தில் மெஷுஹ்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டவர்கள். விடுவித்தார்கள், ஆனால் சமமாக உட்காரவிடவில்லை. அதே சினகாக்கில் அவர்களுக்கு இடம் முன்னறைப் பக்கம்தான். ஒரே கடவுள், ஒரே தோரா. படிக்கும்போது நம்ம ஊர் கோயில் வாசல்கள் ஞாபகத்துக்கு வந்தால், அது என் தப்பு இல்லை.

அந்த வம்சத்தில் வந்தவர்தான் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). வக்கீல், காங்கிரஸ்காரர், கொச்சி சட்டசபையில் இருந்தவர். முதலில் ஆலயத்தைப் புறக்கணித்தார். பிறகு காந்தி வழியில் உள்ளேயே போய் சத்தியாகிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 'யூத காந்தி' என்ற பேர் அப்படி வந்தது. ஆனாலும் 1950-ல் அவர் மகனும் ஒரு பரதேசிப் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ள பம்பாய் வரை போக வேண்டியிருந்தது.

இதெல்லாம் நடந்து சில வருஷங்களுக்குள் தெருவே காலியானது. 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களில் மலபாரிகள் கிட்டத்தட்ட மொத்தமாகக் கிளம்பினார்கள். இரண்டாயிரம் பேருக்கும் மேல். பரதேசிகளும் பின்னால் ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். முழு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கே வழியில்லாமல் போனது.

மிச்சமிருந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த முகம் சாரா கோஹன். ஜன்னலோரம் உட்கார்ந்து தொப்பியும் மேசைத்துணியும் தைத்து விற்ற பாட்டி. 2019-ல் 96 வயதில் இறந்தார். கடைசி வருஷங்களில் அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். கடை இன்னும் அவர் பேரில்தான் நடக்கிறது. நான் ஒரு ரொட்டி மூடும் துணி வாங்கினேன். வீட்டில் அது சப்பாத்தி டப்பாவுக்குப் போய்விட்டது. 2024-ல் குயீனி ஹலேகுவாவும் மறைந்த பிறகு, கொச்சியில் மிஞ்சிய பரதேசி யூதர் ஒரே ஒருவர் என்று செய்திகள் வந்தன.

நடை முடிந்த பிறகும் நடங்க

எங்கள் நடை ஓர் ஆன்டிக் கடை வாசலில் முடிந்தது. நான் மட்டும் அதே தெருவில் தெற்கே நடந்தேன். கடைகள் குறைந்து, கிடங்குகள் வருகிற இடத்தில் கடவும்பாகம் சினகாக். கடவு என்றால் படகுத்துறை, நமக்கும் தெரிந்த வார்த்தைதான். 1544-ல் மலபாரிகள் கட்டியது. பரதேசி சினகாக்கைவிட மூத்தது! ஆட்கள் போன பிறகு கயிறு வேலைக்கும் கிடங்குக்கும் பயன்பட்டது. 2019 மழையில் முகப்பு இடிந்து விழுந்தது. செதுக்கு வேலை செய்த மரக் கூரையும் உள்ளலங்காரமும் முன்பே கழற்றிக் கொண்டுபோகப்பட்டு, ஜெருசலேமில் இஸ்ரேல் மியூசியத்தில் இருக்கின்றன. மட்டாஞ்சேரியில் அவர்களுக்கு இருந்த இன்னொரு ஆலயமான தெக்கும்பாகம் இடிக்கப்பட்டே போனது.

அங்கே டிக்கெட் கவுன்ட்டர் இல்லை, செல்ஃபிக் கூட்டம் இல்லை. ஒரு மினிலாரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பரதேசி சினகாக் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் மூடியிருக்கும், வெள்ளி மதியத்துக்கு மேலும் விடமாட்டார்கள். பக்கத்து மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி லீவு. ஆகவே ஞாயிறு முதல் வியாழனுக்குள் போங்கள். தோள், முட்டி மூடிய உடை போடுங்கள். போட்டோ எடுக்கும்முன் கேட்டுவிடுங்கள். எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சி வந்து ஆட்டோ பிடிப்பது சுலபம். நடைக்குப் பதிவு செய்யும்போதே, "கடவும்பாகம் வரைக்கும் கூட்டிட்டுப் போவீங்களா சேட்டா?" என்று கேளுங்கள். ரப்பான் கதை மட்டும் சொல்பவரா, சேலம் கதையும் சொல்பவரா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் பரவூர், சேந்தமங்கலம் போகலாம். இரண்டு ஊரிலும் மலபாரி சினகாக்குகளைச் சீரமைத்து மியூசியமாக வைத்திருக்கிறார்கள். நேரம் இல்லையா? எர்ணாகுளம் மார்க்கெட் ரோட்டுக்காவது போங்கள். செடித் தொட்டிகளும் வண்ண மீன் தொட்டிகளும் அடுக்கிய ஒரு கடை இருக்கும். மீன் வாங்க வந்தவர் மாதிரி உள்ளே போய், பின்பக்கம் பார்க்கலாமா என்று கேளுங்கள். தொட்டிகளைத் தாண்டினால் ஒரு கதவு. அதற்குப் பின்னால் மலபாரிகளின் இன்னொரு கடவும்பாகம் சினகாக், பித்தளை மேடையோடு.