காணாமற்போன இராத்திரி அங்கி

துப்பறியும் கதை என்றால் சும்மா கட்டிவிட்டது என்பார்கள். எல்லாம் அப்படியல்ல.

1860-இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஒரு துரை வீட்டில் மூன்று வயதுப் பையன் கொலையுண்டான். விசாரிக்க லண்டனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் விச்சர், பூந்தோட்டக்காரர் ஒருவரின் மகன். அவர் பிடித்த தடயம் சலவைக் கணக்கு! துரையின் மூத்த தாரத்து மகள், 16 வயது கான்ஸ்டன்ஸ் கென்டின் இராத்திரி அங்கியில் ஒன்று குறைந்தது. கைது செய்தார். அவ்வளவுதான்! துரை மகள் மேல் சாதாரணப் போலீஸ்காரன் பழி போடுவதா என்று பத்திரிகைகள் பாய்ந்தன. அவளை விட்டுவிட்டார்கள். விச்சர் நொந்துபோய் 1864-இல் ஓய்வு பெற்றார். மறு வருஷமே, கொலை செய்தது தான்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள்!

வில்கி காலின்ஸ் 1868-இல் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவலில் களவுபோவது வைரம். ஆனால் சலவைக் கணக்கும் அங்கியும் அதிலும் வருகின்றன. சார்ஜெண்ட் கஃப்பும் சீமாட்டியின் மகளையே சந்தேகிக்கிறார். கதையில் மட்டும் அவள் குற்றமற்றவள். படித்த துரைமாருக்கு அதுதான் நிம்மதியாக இருந்திருக்கும்!