மெல்லோசை இழந்த இசைத்தட்டு

இலக்கியம் பேசும் இந்நிகழ்ச்சியில் இசைத்தட்டுக்கு என்ன இடம் என நேயர்கள் சிலர் வினவக்கூடும். ஓசையின் ஏற்ற இறக்கம் பற்றிய பேச்சு நம் இலக்கணகாரருக்குப் புதியதன்று. எழுத்துக்களின் பிறப்பைக் கூறிவரும் நன்னூலார், எடுத்தல், படுத்தல், நலிதல் என்பவற்றால் அவற்றின் ஒலியிற் சிறு வேறுபாடு தோன்றும் என்று சொல்லிச் செல்வார். அவர் கருதியது குரலின் ஏற்றத்தாழ்வு. நாம் இன்று கருதுவது ஒலியின் வன்மை மென்மை. எனினும், சிறு வேறுபாடும் பொருட்டாகும் என்ற அந்த நுண்ணுணர்வு இரண்டுக்கும் பொது. அதனை மேலைநாட்டு ஒலிப்பதிவுத் தொழில் ஒரு தலைமுறைக் காலத்துள் எவ்வாறு தன் கையாலேயே துடைத்தெறிந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1792 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் யோசப் ஹைடன் தமது 94 ஆம் சிம்பொனியை அரங்கேற்றினார். அதன் இரண்டாம் பகுதி குழந்தைப் பாட்டைப்போல எளிய மெட்டொன்றுடன் மெல்லத் தொடங்கும். அதே மெட்டு முன்னிலும் மெல்லியதாக மீண்டும் வரும். கேட்போர் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு இருக்கையின் நுனிக்கு வந்திருக்கும் வேளையில் வாத்தியக்குழு முழுவதும் ஒருங்கே அதிரும். ‘வியப்பு’ என்ற பெயரே அந்தச் சிம்பொனிக்கு நிலைத்துவிட்டது. மெல்லோசைக்கும் பேரோசைக்கும் இடையிலுள்ள தூரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். சுரம் ஒன்றும் பிழையாது, தாளமும் தவறாது. வியப்பு மட்டும் இராது.

இந்தத் தூரத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. ‘கொம்பிரசர்’ என்பது அதன் பெயர். குறித்த ஓர் அளவுக்கு மேல் ஒலி எழும்போது அதனை அது அமுக்கும். உச்சங்கள் இவ்வாறு தாழ்ந்தபின் மிஞ்சிய இடத்துக்கு முழு இசையையும் உயர்த்தலாம். பனையின் தலையை வெட்டிவிட்டுப் புல்லை மேடையில் ஏற்றி வைப்பது போன்ற வேலை இது. 1930களிலேயே வானொலி நிலையங்கள் இவ்வகைக் கருவிகளைக் கையாண்டன. அஞ்சற் கருவி தாங்காத அளவுக்கு ஒலி எழாமற் காக்க அது வேண்டியிருந்தது. பாடகர் ஒலிவாங்கியின் முன் சற்று முன்பின் அசைந்தாலும் குரல் தெளிவாக நிற்பதற்கும் அது உதவிற்று. கருவியைக் குற்றஞ் சொல்வதற்கில்லை. அளவோடு கையாண்டவர்கள் அதனால் நல்ல இசைத்தட்டுக்களைத் தந்தார்கள்.

போட்டி தொடங்கிய இடம் வேறு. 1949 இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 45 சுற்றுக்கள் சுழலும் சிறு இசைத்தட்டை வெளியிட்டது. காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ‘ஜூக்பொக்ஸ்’ பெட்டிகளில் அத்தட்டுக்கள் அடுக்கடுக்காக ஏறின. பெட்டியின் ஒலியளவை அமைத்து வைப்பவர் கடைக்காரர். காசு போடுபவருக்கு அதில் உரிமையில்லை. ஆகவே, ஒரு தட்டு அடுத்த தட்டைவிடச் சற்று உரத்து ஒலித்தால் அதுவே கடை முழுவதையும் தன் பக்கம் திருப்பும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்துச் சிறு தட்டுக்கள் உரத்த ஒலிக்குப் பெயர் பெற்றிருந்தன.

இதற்கு நம் செவியும் ஒருவகையில் உடந்தை. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. ஒலி தாழுந்தோறும் மனிதச் செவி கீழ்ச்சுரங்களை அதிகமாகத் தவறவிடுகிறது. ஒரே பாடலை இருமுறை ஒலிக்கச் செய்து, இரண்டாம் முறை சிறிது உரக்க ஒலித்தால், நிறைவும் செழிப்பும் கூடியது போலத் தோன்றும். உரத்தது நன்று என்ற மயக்கம் இங்குதான் பிறக்கிறது.

ஆயினும் பழைய தட்டு இம்மயக்கத்துக்கு ஓர் எல்லையிட்டிருந்தது. ஒலி பெருகினால் தட்டிலுள்ள வரிப்பள்ளம் அகலமாக வளைய வேண்டும். அகலமானால் தட்டில் இடம் போதாது. மேலும் பெருகினால் ஊசியே துள்ளி விழும். உலோகமும் மெழுகும் மனிதனுக்கு அடக்கம் கற்பித்த காலம் அது.

1982 ஒக்ரோபரில் யப்பானில் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் கூட்டுப் படைப்பு. இறுவட்டில் ஊசியில்லை, துள்ளலில்லை, இரைச்சலும் இல்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 தெசிபெல் இடைவெளி அதிற் கிடைத்தது. அதற்கு முன் வீடுகளில் வழங்கிய இசைத்தட்டுக்களிலும் ஒலிநாடாக்களிலும் பொதுவாக இத்துணை அகலம் இருந்ததில்லை. ஹைடனின் மெல்லோசையைத் தூசிச் சத்தமின்றிக் கேட்கும் வாய்ப்பு முதன்முறையாக வீட்டுக்கு வந்தது. பரந்த அந்த முற்றத்தில், மேற்கத்திய ஜனரஞ்சக இசை கூரையோடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் வாழத் தலைப்பட்டது என்பதே இக்கதையின் வேடிக்கையும் வேதனையும்.

இறுவட்டில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் ஓர் எண்ணும் இல்லை. 1980களில் வந்த இறுவட்டுக்கள் பலவற்றில் முரசின் அடி மட்டுமே அவ்வரம்பை எட்டித் தொடும். ஏனைய இசை அதற்கு வெகு கீழே உலாவும். 1994 இல் ‘வேவ்ஸ்’ நிறுவனம் எல்1 என்னும் கணினி மென்கருவியைக் கொண்டுவந்தது. வரப்போகும் உச்சத்தை ஒரு கணம் முன்னதாகவே கண்டு அதனை மழித்துவிடுவது அதன் திறமை. மறு ஆண்டில் வெளியான ஒயாசிஸ் குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பை இந்தப் போட்டியின் மைல்கல் என்று எழுதுவோர் பலர். அதன்பின் யாரும் அயலாருக்குக் குறையத் துணியவில்லை. ‘மாஸ்டரிங்’ எனப்படும் இறுதிச் செப்பத்தின்போது, மற்றவருடைய தட்டைவிட எங்களுடையது உரக்க ஒலிக்க வேண்டும் என்று கேட்பது வழக்கமாயிற்று. செய்ய மனமில்லாத பொறியியலாளரும் செய்தனர். மறுத்தால் வேலை அடுத்த கூடத்துக்குப் போய்விடும்.

இதன் உச்சம் 2008 செப்ரெம்பர். மெற்றாலிக்கா குழுவின் ‘டெத் மக்னெற்றிக்’ வெளியாகிய வேளையிலேயே, அதே பாடல்கள் ‘கிற்றார் ஹீரோ’ என்ற கணினி விளையாட்டிலும் வந்தன. விளையாட்டுக்கென்று கொடுத்த பிரதி இவ்வளவு அமுக்கப்படவில்லை. இரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். பாட பேதம் தேடும் ஏட்டுப் பதிப்பாசிரியரைப் போல ஒலியலைகளைப் படமாக வரைந்து பார்த்தார்கள். விளையாட்டின் அலை மலைத்தொடராக நின்றது. இறுவட்டின் அலை கத்தரித்த வேலியாகக் கிடந்தது. முரசின் அடி அட்டைப்பெட்டியைத் தட்டியது போலக் கேட்டது. குரலின் ஓரங்கள் கரகரத்தன. தொகுப்பை மீண்டும் செப்பஞ் செய்து தருமாறு பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்டனர். இறுதிச் செப்பஞ் செய்த ரெட் ஜென்சன், தம்மிடம் வரும்போதே ஒலி இவ்வாறு நசுங்கியிருந்தது என்று எழுதிய மின்னஞ்சல் வெளியாகியது. அத்தொகுப்போ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

அதே ஆண்டில் ‘கன்ஸ் அன் றோசஸ்’ குழுவின் தொகுப்பொன்றைச் செப்பஞ் செய்தவர் பொப் லட்விக். வெவ்வேறு அளவில் அமுக்கிய மாதிரிகளை அவர் கொடுத்தபோது, குழுவினர் அமுக்கம் மிகக் குறைந்ததையே தேர்ந்தனர். மூத்த பொறியியலாளராகிய அவருக்கே அது எதிர்பாராத மகிழ்ச்சியாக இருந்ததென்றால் அக்காலத்து நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

போட்டியைத் தளர்த்தியது கலையுணர்வன்று, கணக்கு. செவி உணரும் உரப்பை அளக்கும் முறையொன்றைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010 இல் அதனைத் தழுவி நிகழ்ச்சிகளுக்கு ஒரே அளவை விதித்தது. விளம்பரம் வந்ததும் ஒலியைக் குறைக்கக் கை ஓடுகிறதல்லவா? அத்தொல்லைக்காகவே அமெரிக்காவில் ஒரு சட்டம் 2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் இணையவழி இசை தரும் சேவைகளும், உரத்து வரும் பாடலைத் தாமாகவே தாழ்த்தி ஏனையவற்றோடு சமப்படுத்தலாயின. கத்தி வந்த பாடல் தாழ்த்தப்பட்டதும் அதனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. சோர்ந்து தட்டையாகக் கேட்டது. மூச்சுவிட இடம் வைத்த பாடலே உயிரோடு ஒலித்தது. ஆயினும் பழக்கம் பொல்லாதது. அளவுக்கு மீறி அமுக்கிய பதிவுகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நசுங்கிய பதிவுகளின் கதி என்ன? செப்பஞ் செய்த பிரதியில் மழித்த உச்சத்தை எந்தக் கருவியாலும் உள்ளபடி மீட்க முடியாது. அமுக்குவதற்கு முந்திய கலவையோ, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்த மூலமோ பேணப்பட்டிருந்தால் மட்டுமே வழியுண்டு. கனடாவின் ‘ரஷ்’ குழுவினர் 2002 இல் வெளியிட்ட ‘வேப்பர் ட்ரெயில்ஸ்’ தொகுப்பின் ஒலி அவர்களுக்கே உவப்பாக இருக்கவில்லை. மூலப் பதிவுகள் கைவசம் இருந்தமையால் டேவிட் பொற்றில் என்பவரைக் கொண்டு பாடல்கள் அனைத்தையும் முதலிலிருந்து கலந்து 2013 இல் மீண்டும் வெளியிட்டனர். முதற் பதிப்பை வாங்கியவர்கள், அதே பாடல்களைச் செம்மையாகக் கேட்பதற்குப் பதினொரு ஆண்டுகள் காத்திருந்து மறுபடியும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.