கிளி முட்டை வந்தால் சரி, கிளம்பு!

ராஜாவுக்கு ஒரு பார்சல் வருகிறது. பிரித்துப் பார்க்கிறார். காலிச் சுரைக்குடுவை. அல்லது, சில கிளி முட்டைகள். அவ்வளவுதான், மனிதர் காலி. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாக வேண்டும். அப்பீலெல்லாம் கிடையாது.

இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் யோருபா மக்கள் ஆண்ட ஓயோ சாம்ராஜ்யத்தின் வழக்கம் இது. மன்னருக்கு அலாஃபின் என்று பட்டம். கடவுளுக்கு அடுத்த படி. எதிரே வருகிறவன் நெடுஞ்சாண்கிடையாக விழவேண்டும். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதும் கழற்றிவிடுவதும் ஏழு பேர் கொண்ட ஓயோ மெசி என்கிற சபை. தலைவர், பஷோருன். பிரதம மந்திரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வருடம் ஒருமுறை பஷோருன் குறி பார்ப்பார். மன்னருக்கு விண்ணுலகில் ஓர் இரட்டை உண்டு என்பது நம்பிக்கை. அந்த இரட்டை இன்னும் இவர் பக்கம்தானா? இல்லை என்று வந்தால் பார்சல்.

குறி சொல்பவரும் அவரே, சபைத் தலைவரும் அவரே. விளங்குமா? அதையும் யோசித்திருந்தார்கள். மன்னர் செத்தால் மெசி சபையிலிருந்து ஒருவர் கூடவே சாகவேண்டும். யாருக்கு உடனே கை வரும்? தவிர, பூமியை வணங்கும் முதியோர்களின் ஓக்போனி சபை ஒன்று மெசிக்கும் மேலே கண்காணித்தது. அங்கே மன்னரின் காதாக ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். இத்தனையும் எழுதாமலேயே நடந்த அரசியல் சாசனம்!

அதையும் ஒருத்தன் உடைத்தான். காஹா. 1754 வாக்கில் பஷோருன் ஆனவன். அடுத்தடுத்து நான்கு அலாஃபின்களை அவன் முடித்ததாக யோருபா வாய்மொழி வரலாறு சொல்கிறது. அதில் ஒருவர் தாங்கியது 130 நாள். ராஜாவைக் கட்டுப்படுத்த வந்த சபை, ராஜாவைவிட மோசமாகிவிட்டது. ஐந்தாவதாக வந்த அபியோதுன் கெட்டிக்காரர். தினம் காலையில் காஹா வீட்டுக்கே போய்க் கும்பிடு போட்டார். ரகசியமாகப் படைத்தலைவரைப் பிடித்தார். 1774ல் காஹா கதை முடிந்தது.

ஓயோ தேறவில்லை. 1830களில் தலைநகரே காலி. போரில் சிதறியவர்கள் கூடிய இபாதானில் பரம்பரை ராஜாவே வேண்டாமென்றார்கள். தலைவர்களுக்கு ஏணி வைத்தார்கள். மேலே இடம் காலியானால் ஒருபடி ஏறலாம். நம்மூர் குமாஸ்தா பிரமோஷன் மாதிரி.

தென்பக்கம் புதிதாக எழுந்த ஓயோ நகரில் அலாஃபின் பட்டம் மட்டும் தொடர்ந்தது. 2022 ஏப்ரலில் அலாஃபின் மூன்றாம் லமிடி அடெயெமி காலமானார். மெசி சபை ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. லஞ்சப் புகார் என்று சொல்லி மாநில ஆளுநர் மாகிண்டே ஏற்க மறுத்தார். ஆளுநர் இருப்பது எங்கே? மாநிலத் தலைநகரான அதே இபாதானில்! இழுபறி இரண்டரை வருடத்துக்குமேல் நீடித்தது. கடைசியில் இஃபா குறி பார்க்கப்பட்டது. பதினாறு எண்ணெய்ப்பனைக் கொட்டைகள், 256 குறிகள் கொண்ட முறை. பார்த்தவர் அதில் பெரிய அறிஞரான பேராசிரியர் வாண்டே அபிம்போலா. வந்த பெயர் அபிம்போலா ஒவோவாடே.

அன்று ராஜாவுக்கு எதிராகச் சபை கையிலெடுத்த குறி. இன்று சபைக்கே எதிராக. உறுப்பினர்கள் சிலர் ஒப்பவில்லை, எதிர்ப்புக் கடிதம் போனது. 2025 ஏப்ரலில் முடிசூட்டு விழா நடந்தேவிட்டது.