பகல் மறைவு: கடல் உயிர்களின் அன்றாட ஏற்ற இறக்கம்

இரவில் இரைதேடும் கடல் உயிர்கள் எல்லாம் பகலில் பாறை இடுக்கையோ மணலையோ நாடுவதில்லை. நடுக்கடலில் அதற்கு வழியும் இல்லை. அங்கே ஆழத்தின் இருட்டே மறைவிடம். இரண்டாம் உலகப் போரின்போது சோனார் கருவிகள் சில நூறு மீட்டர் ஆழத்தில் கடலடித் தரை போன்ற ஓர் அடுக்கைக் காட்டின. பொழுது சாய்ந்ததும் அந்தத் 'தரை' மேலேறியது! அது உயிர்க்கூட்டம் என்று 1945இல் காட்டியவர் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்து மார்ட்டின் ஜான்சன்.

கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களிடமிருந்து தப்புவதே இந்த இடப்பெயர்ச்சியின் முதற்காரணம் எனலாம். குளிர்ந்த ஆழத்தில் உடலாற்றல் மிச்சமாகும் என்பார்கள். ஆனால் இரை குறைந்த குளிரில் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் தாமதப்படுவதால் அந்தக் கணக்கு உதைக்கிறது. புற ஊதாக் கதிருக்கு அஞ்சி இறங்குகின்றன என்ற வாதம் ஓரளவே செல்லும். சூரியனே உதிக்காத ஆர்க்டிக் குளிர்காலத்தில், முழுநிலவு நாட்களில் மிதவை உயிரிகள் நிலவொளிக்கு ஒதுங்கி ஆழம் போகின்றனவே. இப்படி ஏறி இறங்கி ஒளியும் மீன்களில் ஒன்றான லாந்தர் மீனுக்கு உடலில் விளக்கு எதற்கு என்றும் கேட்கலாம். வயிற்றுப்புற ஒளியுறுப்புகள் மேலிருந்து வரும் மங்கலான வெளிச்சத்துக்கு ஈடாக ஒளிர்வதால், கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு அதன் நிழலுருவம் தெரிவதில்லை.