திருவரங்க மதிலில் ஒட்டிய அறிவிப்பும் பயங்கரவாதத்தின் வரையறையும்

1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரில் ஓர் அறிவிப்பு, திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று அதைப் பாடநூல்கள் குறிக்கின்றன. 1971இல் வெளிவந்த நூலில் கே. ராஜய்யன், இந்த அறிவிப்பு பிறந்த 1800–1801 தென்னிந்தியக் கிளர்ச்சியே இந்தியாவின் முதல் விடுதலைப் போர் என்று வாதிட்டார். அந்த வாதத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் பயங்கரவாதம் எது என்ற இன்றைய சர்ச்சைக்குள் இந்த ஆவணத்தைக் கொண்டுவந்தால், அதைக் கொண்டாடுவோருக்கும் பழிப்போருக்கும் ஒருசேரச் சங்கடம் உண்டாகிறது.

அறிவிப்பு எல்லாச் சாதியாரையும் இசுலாமியரையும் சேர்த்தே விளிக்கிறது. நவாபு முகமது அலி ஐரோப்பியருக்கு இடங்கொடுத்ததால் நாடு பாழானது என்கிறது. பாளையங்களிலும் ஊர்களிலும் உள்ளோரை ஒன்றுதிரளச் சொல்கிறது. இதுவரை அது போர்ப் பிரகடனம்தான். ஆனால் ஐரோப்பியரைக் கண்ட இடத்தில் அழிக்கவும் சொல்கிறது. கோட்டைக்குள் 1766இல் எழுந்த கிறிஸ்து ஆலயத்தின் பாதிரியும் பீரங்கிப் படையின் தளபதியும் அந்த வரிகளில் ஒன்றே. கிழக்கிந்தியக் கும்பினியின் சோறுண்ணும் உள்நாட்டுச் சிப்பாய்களைக் கடுமையாக ஏசுகிறது. ஏற்காத இந்துவுக்குக் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவம், ஏற்காத இசுலாமியருக்குப் பன்றியின் குருதி குடித்த பாவம் எனச் சாபமும் இடுகிறது. சாபம் வன்முறை ஆகாது. ஐரோப்பியரெல்லாரையும் கொல்லச் சொல்லும் வரியை மட்டும் அப்படி ஒதுக்கிவிட முடியாது.

எதிர்த்தரப்பையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் மேஜர் பானர்மேன், பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார். அதற்கு முன்பே நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்ட, கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையின் தலை பாஞ்சாலங்குறிச்சியில் நட்டுவைக்கப்பட்டது. இறந்தவரைத் தண்டிக்க இது தேவையே இல்லை. பார்ப்பவர்கள் அஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். 1793–94இல் பாரிசில் புரட்சி அரசு பயங்கரத்தைத் தன் ஆட்சிமுறையாகவே கைக்கொண்டது. ஆறே ஆண்டுக்குள் தாமிரபரணிச் சீமையில் ஒரு வணிகக் கும்பினி, இராணுவ ஒழுங்கோடு அதே வேலையைச் செய்தது. பயங்கரவாதத்தின் பிறப்பை எதிர்ப்பாளர்களிடம் மட்டும் தேடுவோர் வசதியாகத் தாண்டிச் செல்லும் இடம் இது.

ஆகவே செய்தவர் பிடித்த கொடி எனக்குப் பொருட்டில்லை. அடிபட்டவர் போரிடக்கூடியவரா, அந்த அடி யாரை அச்சுறுத்த விழுந்தது என்ற இரு கேள்விகளே போதும். இந்த அளவுகோலில் கயத்தாறு தேறாது. ஜம்புத்தீவு அறிவிப்பின் பெரும்பகுதி தேறும், ஐரோப்பியர் அனைவரையும் குறிவைத்த பகுதி தேறாது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும், சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டதும் அவர்கள்பால் நம் மனத்தை இளக்குகின்றன. இளகிய மனம் வரையறை தராது.

இதே அளவுகோலில் வைத்துப் பார்க்க, வரகனேரியில் 1881இல் பிறந்த வ.வே.சு. ஐயரின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். புதுச்சேரியில் அவரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். உடனிருந்த ஆஷின் மனைவியைத் தொடவில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதமோ ஆட்சிக்கு விடுத்த வெளிப்படையான மிரட்டல். முதற்கேள்வியில் ஓரளவு தப்பும் இச்செயல் இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறது. ஐயர் பிறந்த வீடு இன்று அரசு நினைவில்லம்.

அரசுகள் இந்த இரு கேள்விகளையும் விரும்புவதில்லை. 1934இல் மார்செய்யில் யுகோஸ்லாவிய மன்னர் கொல்லப்பட்டதையடுத்து, சர்வதேச சங்கம் 1937இல் ஜெனீவாவில் பயங்கரவாதத்துக்கு எதிராக ஓர் உடன்படிக்கை வகுத்தது. 24 நாடுகள் கையெழுத்திட்டன. ஏற்புறுதி அளித்தது ஒன்றே ஒன்று, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியா. பிரிட்டன் கையெழுத்துகூடப் போடவில்லை! உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலே போனது. பிரிட்டனுக்கு வேண்டாத வரையறை அதன் காலனிக்கு வேண்டியிருந்தது.

சுதந்திர இந்தியாவின் நீதிமன்றம் ஒருமுறையேனும் செயலை நோக்கிக் கேள்வி கேட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், அரசை அச்சுறுத்தவோ மக்களைக் கலங்கடிக்கவோ சதிகாரர்கள் எண்ணியதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, தடா சட்டத்தின் கீழான பயங்கரவாதக் குற்றத்தைத் தள்ளியது. அதே தடாவின் கீழ் காவல் அதிகாரி பதிவுசெய்த ஒப்புதல் வாக்குமூலங்களைக் கொலைக்குற்றத்துக்குச் சான்றாக ஏற்கவும் செய்தது. பயங்கரவாதம் இல்லையென்ற பிறகும் அதற்கென வகுத்த தளர்ந்த சான்றுவிதி மட்டும் எப்படி நிற்கும் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பின் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. அவ்வழக்கில் 2022 நவம்பரில் விடுதலையான இலங்கையர் நால்வரும் வீடு போகவில்லை. திருச்சி மத்தியச் சிறை வளாகத்துச் சிறப்பு முகாமில் வெளிநாட்டவர் என அடைக்கப்பட்டார்கள். இதற்கிடையே 2019இல் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையோ தண்டனையோ இன்றியே ஒரு தனிமனிதரைப் பயங்கரவாதியெனப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்துவிட்டது. 1999இல் நீதிமன்றம் எழுப்பிய நோக்கம் பற்றிய கேள்வியை, அப்பட்டியலில் ஒரு பெயரை ஏற்றுமுன் எந்த நீதிபதியும் கேட்டாக வேண்டியதில்லை.