டர்போ ஹைட்ராமேட்டிக் 700ஆர்4

டர்போ ஹைட்ராமேட்டிக் 700ஆர்4 என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய, நான்கு முன்னோக்குக் கியர்களைக் கொண்ட தானியங்கிக் கியர்பெட்டி ஆகும். இது மகிழுந்துகளிலும் சிறு சரக்குந்துகளிலும் பயன்பட்டது. பின்னர் இது 4எல்60 எனப் பெயர் மாற்றப்பட்டது. 1993 இல் மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட 4எல்60-இ வெளிவந்தது.

அடையாளம் காணல்

இரு வகைகளிலும் எண்ணெய்த் தட்டு 16 திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். எனவே தட்டை மட்டும் கொண்டு, மாற்றாக வாங்கிய பெட்டி எவ்வகை என அறிய இயலாது. 700ஆர்4 இல் எரிபொருள் தடுக்கிதழிலிருந்து வரும் கம்பிவடத்துக்கான துளை உண்டு. 4எல்60-இ இல் அவ்வடம் இல்லை. பெரிய வட்டவடிவ மின்னிணைப்பி காணப்படும். இது கணினிக் கட்டுப்பாடின்றி முறையாக இயங்காது.

இக்கம்பிவடம் முடுக்கி மிதியின் நிலைக்கேற்ப எண்ணெய் அழுத்தத்தை மாற்றுகிறது. அதனைத் தளர்வாகப் பொருத்தினால் அழுத்தம் குறைந்து, கிளட்ச் தட்டுகள் வழுக்கி விரைவில் கருகிவிடும்.