வாக்குரிமைக்குத் தகுதியுடையோர் யார்?

1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டொனமூர்ப் பிரபுவும் வேறு மூவரும் அடங்கிய ஆணைக்குழு கொழும்பை வந்தடைந்தது. அந்நாளில் இலங்கைக் குடிசனத்தில் நூற்றுக்கு நால்வரளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். சொத்து, வருமானம், எழுத்தறிவு ஆகியனவே அதற்குரிய படிக்கற்கள்.

ஆணைக்குழுவின்முன் சாட்சியமளித்த கற்றோரிற் பலர் அப்படிகளை அகற்ற விரும்பவில்லை. எழுத்தறியாதவர் வாக்கை விற்றுவிடுவர் என்பது அவர்தம் அச்சம். முதுபெருந் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். மறுபுறத்தே நின்றவர் சிலரே: ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தார் ஒருபால். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தார் மற்றொருபால். தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களன்றோ என அச்சங்கத்தைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா அம்மையார் விடையிறுத்தார். கற்றோர் பலர் நீண்ட வாதங்களால் மறைத்த உண்மையை அவ்வொரு விடை வெளியாக்கிற்று.

ஆணைக்குழுவினர் வேறொரு கோணத்தில் நோக்கினர். தொழிலாளர் நலனுக்கும் வறியோர் பராமரிப்புக்குமான சட்டங்கள் இந்நாட்டில் ஏன் பின்தங்கிக் கிடக்கின்றன? வாக்குடையோர் சிலராயிருத்தலே காரணம் என்று கண்டனர். ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்களிக்கலாமென 1928 இல் விதந்துரைத்தனர். பின்னர் பெண்களின் வயதும் 21 ஆகக் குறைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் திறத்திலோ வதிவிட நிபந்தனைகள் இறுக்கமாயின. சட்டநிரூபண சபை இத்திட்டத்தை 1929 டிசெம்பரில் 19 க்கு 17 என்னும் வாக்குகளால் மட்டுமட்டாக ஏற்றுக்கொண்டது.

1931 யூன் மாதத் தேர்தலில், எழுத்தறியாதோரும் அடையாளங் காணுமாறு அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி வைக்கப்பட்டது. பூரண சுயராச்சியம் கிட்டவில்லையென யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கவே, வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாயிருந்தன. கொள்கை உயர்ந்ததுதான், விலையும் சிறிதன்று.

புதிய வாக்காளர் அஞ்சியவாறு நாட்டைக் கெடுத்தனரா? அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்த அரசாங்க சபையே, கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1945 இல் இலவசக் கல்வியை நிறுவிற்று. நைசம் சரவணமுத்து அம்மையார் 1932 இல் கொழும்பு வடக்கின் பிரதிநிதியானார்.

கேடு எதிர்பாராத திசையிலிருந்தே வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. அவற்றை நிறைவேற்றியோர் எழுத்தறியாத கூலியாட்களல்லர். நன்கு கற்ற பாராளுமன்ற உறுப்பினர்களே. நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே குடியுரிமை கிட்டிற்று.